மிதித்தவுடன்

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளி விழுவதை அவரால் தாங்க முடியாது. தொலைபேசி அடித்தால் எடுத்துவிடுவார். எல்லோரும் எடுப்பார்கள்தான், அவர் எடுக்கிற விதம் வேறு. இந்தப் பக்கத்தில் நமக்கு மணிச் சத்தம் கேட்கத் தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்தில் "ஓம், சொல்லுங்கோ" என்று குரல் வந்துவிடும். எதற்காக எடுத்தோம் என்பது மறந்துபோகும். என் மனைவி அவருக்கு எடுப்பதற்கு முன் சொல்லவேண்டியதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். நானும் அப்படித்தான். வாய்மொழிப் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைகளின் நிலை.

டேனிஷ் நகரமான ரண்டர்ஸில் நாங்கள் இருந்த கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் தமிழர் வீடு இரண்டு. மூன்றாம் மாடியில் நாங்கள், எங்களுக்கு நேர் கீழே அவரும் கணவரும். இப்போது அவர்கள் அங்கே இல்லை, அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. அவர் கொம்யூன் எனப்படும் நகரசபையில் வயோதிபர் பராமரிப்பு வேலை செய்தார். வீடு வீடாகப் போய்க் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, கால்வீக்கத்துக்குப் போடுகிற இறுக்கக் காலுறையை மாட்டிவிடுகிற வேலை. அவர் பார்த்த கிழவர் ஒருவர் கழுத்தில் தொங்குகிற அவசர பொத்தானைச் சும்மா சும்மா அமுக்குவாராம். மற்றப் பராமரிப்பாளர்கள் சலித்துப்போனார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் போனார். "அந்த மனிசனுக்கு வருத்தமில்லை, மாஸ்டர். ஆரும் வருவினமோ எண்டு பாக்கிறார். வராமல் விட்டால் அதுதான் வருத்தம்" என்றார் என்னிடம்.

நான் ஊரில் கணிதம் படிப்பித்தவன். அதனால் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட நான் மாஸ்டர்தான்.

நம்மவர்கள் மத்தியில் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு வாழ்வது இலேசான காரியமல்ல. யாராவது கலியாணத்துக்குச் சொல்ல வந்தால் "வரப் பாக்கிறம்" என்று சொல்லவேண்டும். போக மாட்டோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும், என்றாலும் அப்படிச் சொன்னால்தான் வந்தவர் நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஒருமுறை எங்கள் வீட்டில் அவரும் இருந்தபோது ஒரு குடும்பம் அழைப்பிதழோடு வந்தது. நான் "வரப் பாக்கிறம்" என்றேன். அவர் கார்டைத் திறந்து திகதியைப் பார்த்தார். "அண்டைக்கு எனக்கு வேலை. வரமாட்டன். பிள்ளையள் நல்லா இருக்கட்டும்" என்றார்.

வந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தேநீர் பாதிக் கோப்பையில் நின்றது. அவர்கள் போனபின் என் மனைவி கேட்டார், "பாப்பம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகுது?"

"அக்கா, பாப்பம் எண்டு சொன்னால் அவை எனக்கும் சேர்த்துச் சமைப்பினம். சோறு மிஞ்சும்."

சில மாதங்கள் கழித்து அதே அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது அம்புலன்சுக்கு முன்னால் போய் நின்றவரும் இவர்தான். இரவுச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேச முடியாது.

கணவர் நேர் எதிர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதர். "தேத்தண்ணியோ கோப்பியோ?" என்று கேட்டால் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். மரத்தைப் பார்ப்பார். மரத்தில் குருவி இருந்தால் அதையும் பார்ப்பார். "இவர் யோசிச்சு முடிக்கமுன்னம் நான் தேத்தண்ணியை ஊத்திக் குடுத்திடுவன். அதைத்தான் குடிப்பார். முப்பது வரியமா இந்த வீட்டிலை கோப்பித்தூள் பழுதாப் போகுது" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கணவரும் சேர்ந்து சிரிப்பார், கொஞ்சம் பிந்தி.

அவர்களுக்கு ஒரே மகள், நெடுஞ்சாலையில் அரைமணித் தூரத்திலிருக்கிற ஓகூஸில் இருந்தாள். டேனிஷ்காரப் பையனோடு வாழ்க்கை. அவன் கடலுக்கு நடுவில் நிற்கிற காற்றாடிக் கோபுரங்களைத் திருத்துகிறவன், இரண்டு கிழமை கடலில், இரண்டு கிழமை வீட்டில். மகள் கர்ப்பமானபோது நாட்களை எண்ணிப் பார்த்தார்கள். பிரசவம் அவன் கடலில் இருக்கிற கிழமையில் விழக்கூடும் என்று தெரிந்தது. "நோ துவங்கினால் நான் உங்களுக்குத்தான் எடுப்பன், அம்மா" என்று மகள் சொல்லி முடிக்கவில்லை, "வாறன்" என்று பதில் போய்விட்டது.

அதற்காகத்தான் கார் வாங்கினார். இருந்த ஒரு காரைக் கணவர் வேலைக்குக் கொண்டுபோவார். அது கிளச் மிதிக்கிற கார், இவருக்கோ இடது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. ஆகவே ஓட்டோமற்றிக். அதுவரை எனக்கு விளங்கியது. வாகனத் தரிப்பிடத்தில் அவர் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்தபோது விளங்கவில்லை. கடும் நீலத்தில், நிலத்தோடு ஒட்டினாற்போல, இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார். ஓகூஸில் யாரோ ஒருவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததால் விற்றிருக்கிறார்.

"ஏன் பிள்ளை, ரண்டு கதவு?"

"மகளிட்டைப் போறதுக்கு எத்தினை கதவு வேணும், மாஸ்டர்?"

கோயிலில் வைத்துப் பூசை செய்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லால் நசித்து எடுத்துவந்தார். பூசை செய்த வாகனத்துக்குள் சப்பாத்தோடு ஏறக்கூடாது என்பது அவருடைய சட்டம். தானும் சப்பாத்தைக் கழற்றிக் கதவுப் பக்கத்தில் செருகிவிட்டுக் காலுறையோடுதான் ஓட்டுவார். ஏறுகிறவர்களும் கழற்றவேண்டும். ஓகூஸ் ஆஸ்பத்திரியில் என் கண்ணுக்கு ஊசி போட்டுவந்தார்கள், கண்விழிக்குள்ளேயே போடுகிற ஊசி. அவருக்கு விடுமுறை வருகிற நாளில் ஊசியும் வந்தால் அவரே கூட்டிக்கொண்டு போவார். மாசி மாதக் குளிரில் சப்பாத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கால் விறைக்க விறைக்கப் போயிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏழு சுற்றுவட்டம். ஒவ்வொன்றிலும் என் தலை கண்ணாடியில் முட்டும்.

காரில் ஒரு குறை இருப்பதாக முதல் கிழமையே சொன்னார். "மிதிச்சால் உடனை போகுதில்லை. யோசிக்குது."

எனக்கு விளங்கவில்லை. வெறுமையான நேர்த் தெரு ஒன்றில் காரை மெதுவாக ஓடவிட்டார். "மாஸ்டர், நீங்கள் எண்ணுங்கோ. நான் 'இப்ப' எண்டுவன். கார் இழுக்கேக்கை நிப்பாட்டுங்கோ." அவர் "இப்ப" என்று அக்சிலரேற்றரை மிதித்தார். நான் ஒன்று என்று சொல்லி, இரண்டைத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன். எஞ்சின் முனகியது, பிறகுதான் கார் பாய்ந்தது. திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை.

"ஒண்டரை எண்ணுறதுக்கிடையிலை ஒரு லொறி எவ்வளவு தூரம் வரும்?" என்று கேட்டார். நான் கணக்குப் பார்த்துச் சொல்வதற்கு முன் அவரே "முப்பது, நாப்பது மீற்றர் வரும்" என்றார். அதிலிருந்து அவருக்கு நித்திரையில்லை. மகள் கூப்பிடும் நாளில் நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் இந்தக் கார் யோசித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? எனக்கும் அன்றிலிருந்து நித்திரையில்லை, என் காரணம் வேறு. அடுத்த ஊசிக்கும் இதே காரில்தான் போகவேண்டும்.

கராஜ் வைத்திருந்த தமிழ்ப் பையன் ஒருவனிடம் கொண்டுபோனார். அவன் காற்று வடிகட்டியை மாற்றினான். எஞ்சினுக்குள் காற்றை விடுகிற மூடியில் கரி பிடித்திருந்ததைத் திரவம் அடித்துத் துடைத்தான். கியர்ப் பெட்டி எண்ணெய் மாற்றினான். பிறகு தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லா ஓடுது, அக்கா" என்றான். அவர் ஓட்டிப் பார்த்தார். ஒன்றரை.

"பழைய ஆள் பிள்ளையளை வைச்சு மெதுவா ஓடியிருக்கும். கியர்ப் பெட்டி அந்தப் பழக்கத்தைப் படிச்சு வைச்சிருக்கு. கொஞ்ச நாள் உங்கடை பழக்கத்தையும் படிக்கும்" என்றான் பையன்.

"எவ்வளவு நாள்?"

"பாப்பம், அக்கா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு இணையத்தில் தேடி, தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி வரவழைத்தார். அக்சிலரேற்றருக்கும் காரின் கணினிக்கும் நடுவே கொளுவுகிற பெட்டி. காணொளியைப் பார்த்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, தானே கொளுவினார். தரிப்பிடத்தில் காரை எடுத்தபோது பெருவிரலால் தொட்ட மாதிரித்தான் மிதித்திருப்பார். கார் துள்ளிப்போய்க் குப்பைத்தொட்டிக் கொட்டகையின் பலகையில் முட்டியது. காகிதத் தொட்டி ஒன்று உருண்டது. கணவர் கையில் குப்பைப் பையோடு அதற்குப் பக்கத்தில் நின்றார். அவர் விலகவில்லை, விலகுவதா என்று யோசித்திருப்பார். நல்ல காலம், கார் அவரிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றது.

அன்றே பெட்டியைக் கழற்றினார். "இது காருக்குப் பலம் குடுக்கேல்லை, மாஸ்டர். நான் கால்வாசி மிதிச்சால் முக்கால்வாசி மிதிச்சதெண்டு போய்ச் சொல்லுது. பொய் சொல்லிற பெட்டி எனக்கு வேண்டாம்."

கணவர் அன்றுதான் முதல் தடவையாகத் தானாக ஒரு கருத்துச் சொன்னார். "வித்துப்போட்டுச் சாதாரணக் கார் ஒண்டு எடுப்பமே?"

"சூன் முடியட்டும். அதிலை தவறினால் விக்கிறன்."

வாகனங்களுக்குக் காலத்துக்குக் காலம் கட்டாயமாகச் செய்கிற பரிசோதனையை இங்கே சூன் என்பார்கள். அதற்கு முன் ஓர் ஊசி நாள் வந்தது. நெடுஞ்சாலை ஏறுபாதையில் எங்களுக்குப் பின்னால் ஒரு வான், பக்கத்துப் பாதையில் ஒரு நீள லொறி. அவர் அடிவரை மிதித்தார். கார் முனகிக்கொண்டு நின்றது. லொறி ஹோர்ன் அடித்து, விளக்கை அடித்து, எங்களைத் தாண்டியது. அது கிளப்பிய காற்றில் கார் ஆடியது. என் மடியிலிருந்த சப்பாத்துப் பை கீழே விழுந்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்திய பிறகுதான், "தனிய வந்திருந்தால் பரவாயில்லை. உங்களை வைச்சுக்கொண்டு" என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

சூனுக்கும் நான் போனேன். அந்தக் கார் தவறவேண்டும் என்று பாதி மனம், தவறக்கூடாது என்று பாதி. பரிசோதகர் வயதான டேனிஷ்காரர். ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தவர் உடனே காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வெளியே போட்டார். மேலே கம்பளத் துண்டு ஒன்று, கால் வைக்கிற இடத்துக்கு அளவாக வெட்டி ஓரம் தைத்தது. அதன் கீழே இறப்பர் விரிப்பு. அதன் கீழே இன்னொரு கம்பளத் துண்டு. அதற்கும் கீழேதான் காரின் சொந்த விரிப்பு.

"இவ்வளவையும் வைத்துக்கொண்டா ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அக்சிலரேற்றரை அடிவரை அமுக்கினார். டிக் என்று ஒரு சத்தம்.

"அது என்ன?" என்றார் இவர். கார் வாங்கியதிலிருந்து அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

பரிசோதகர் விளக்கினார். அக்சிலரேற்றரின் கடைசி அடியில் ஒரு சுவிச் இருக்கிறதாம். கால் அங்கே படும்போதுதான், கியரைக் கீழே இறக்கி உடனே இழு என்ற கட்டளை கியர்ப் பெட்டிக்குப் போகிறது. இவ்வளவு விரிப்பும் அடியில் கிடந்தால் கால் அங்கே போய்ச் சேராது. கார் சரியாகத்தான் இருந்தது, கட்டளைதான் போகவில்லை. கராஜ் பையன் ஓட்டியபோது நன்றாக ஓடியதற்குக் காரணம் பிறகு அவனைக் கேட்டபோது தெரிந்தது. எண்ணெய்ச் சப்பாத்துப் பட்டு அழுக்காகும் என்று விரிப்புகளை எடுத்து வைத்துவிட்டு ஓட்டி, பிறகு கவனமாகத் திரும்ப அடுக்கியிருக்கிறான்.

கார் தேறியது. திரும்பும் வழியில் எண்ணச் சொன்னார். நான் ஒன்று என்று வாய் திறப்பதற்குள் முதுகு ஆசனத்தில் ஒட்டிவிட்டது. அவர் சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கணவர் தரிப்பிடத்தில் காத்து நின்றார். இவர் விரிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"இதை நீங்களே வைச்சனீங்கள்?"

கணவர் விரிப்புகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஓம்."

"ஏன்?"

நான் மேலே போயிருக்கவேண்டும். போகவில்லை. ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போய்விட்டாள், இன்னும் பதில் வரவில்லை.

"நீர் சப்பாத்தில்லாமல் ஓடுறனீர். கால் குளிருமெண்டு."

"சொல்லியிருக்கலாமே?"

"நீர் கேக்கேல்லையே."

அவர் விரிப்புகளை மடித்துக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அடுத்த நாள் மெல்லிய தோல் சப்பாத்து ஒன்று வாங்கிக் காருக்குள்ளேயே வைத்தார், காருக்குள் மட்டும் போடுகிற சப்பாத்து. சாமிக்குக் குறையில்லை என்றார். எனக்கு அந்தச் சலுகை தரவில்லை.

மகள் கூப்பிட்டது மருமகன் கடலில் நின்ற கிழமையில் ஒரு காலை நேரம், அடுத்த ஊசிக்கு நாங்கள் போய்க்கொண்டிருந்தபோது. ஐந்தாவது சுற்றுவட்டத்தில் காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல். "அம்மா..." என்றுதான் சொன்னாள். "வாறன்" என்றார். ஏறுபாதையில் டிக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. லொறி ஒன்று வந்தது, அது எங்களுக்குப் பின்னால் எங்கேயோ நின்றுபோனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி போடுகிற கண், போடாத கண், இரண்டையும்தான்.

எனக்கு ஊசி போட்டு, கண்ணைக் கட்டிவிட்டார்கள். மகளைச் சேர்த்திருந்ததும் அதே ஆஸ்பத்திரிதான், ஆனால் ஓர் ஊரளவு பெரியது. கேட்டுக் கேட்டுப் பிரசவப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவுக்கு வெளியே கதிரையில் அவர் இருந்தார்.

"ஏன் பிள்ளை, வெளியிலை?"

"வெளியிலை நிக்கட்டாம்."

உள்ளே நடந்தது பிறகு தெரிந்தது. மகள் மூச்சை இழுத்தால் இவர் தண்ணீரை நீட்டியிருக்கிறார். முனகினால் முதுகைத் தேய்த்திருக்கிறார். வாய் திறக்குமுன் மருத்துவிச்சியைக் கூப்பிட்டிருக்கிறார். மகள் ஒரு கட்டத்தில் டேனிஷில், "அம்மா, தயவுசெய்து, கொஞ்சம் வெளியே போங்கோ" என்றிருக்கிறாள். "எனக்கு முன்னாலை என்ரை நோவை நீங்கள் எடுக்கிறீங்கள்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

நெடுஞ்சாலைக்குத் தன் காரைக் கொண்டுபோகாத கணவர் ரயிலிலும் பிறகு ட்ராமிலும் வந்து சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. கையில் சாப்பாட்டுப் பை. அந்த நேரம் மருத்துவிச்சி கதவைத் திறந்து, மகள் அப்பாவைக் கேட்கிறாள் என்றார்.

"என்னையோ?" என்றார் கணவர். "ஆம்பிளை நான் உள்ளை போய் என்னெண்டு..."

நான் கதிரையில் இருந்தவரின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒற்றைக் கண்ணால் பார்த்தும் தெரிந்தது. அத்தனை மாதம் எதற்காக அந்தக் காரோடு மல்லுக்கட்டினாரோ, அந்தக் கதவு திறந்து வேறு ஆளைக் கேட்கிறது.

அவர் சாப்பாட்டுப் பையைக் கணவரின் கையிலிருந்து வாங்கினார். "யோசிக்காதேங்கோ. இதுக்கு மட்டும் யோசிக்காதேங்கோ. போங்கோ."

கணவர் போனார். கதவு மூடியது.

பின்னேரம் முழுதும் அவர் அந்தக் கதிரையில் இருந்தார். உள்ளே மகள் கத்தும்போதெல்லாம் முதலில் எழுந்து நின்றார். பிறகு எழுவதை நிறுத்தினார். அவருடைய வலது கால் மட்டும் நிலத்தை அமுக்கிக்கொண்டே இருந்தது. பையைத் திறந்து எனக்குப் புட்டுத் தந்தார், தான் சாப்பிடவில்லை. ஒருமுறை, "நான் வந்தது கெதியோ, மாஸ்டர்?" என்று கேட்டார்.

அவர் காத்திருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவள் கூப்பிட்டவள், பிள்ளை. நீர் வந்தனீர்" என்றேன் கடைசியில். தலையாட்டினார்.

வெளியே வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கதவு திறந்தது. கணவர் வந்தார். சட்டைக் கை ஒரு பக்கம் கசங்கி நனைந்திருந்தது. "பொம்பிளைப் பிள்ளை" என்றார். மூச்சை எடுத்துவிட்டு, "உம்மைக் கூப்பி..." என்று தொடங்கினார். அவர் சொல்லி முடித்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

கணவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன், "உள்ளை என்ன தம்பி செய்தனீர், இவ்வளவு நேரமும்?"

அவர் தன் கையைப் பார்த்தார். "ஒண்டும் செய்யேல்லை, மாஸ்டர். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

கதவு சரியாக மூடப்படவில்லை. உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. "ஓம், ஓம், இஞ்சை நிக்கிறன்" என்று அவருடைய குரல் கேட்டது.